சம்பந்தியை விரிப்போடு தைத்த நாள்

"அப்பா, நீ கம்பை இறக்குனா பனி நின்னுடுமா?"

ரவ்ஷான் ஐந்து வயதில் கேட்ட கேள்வி இது. அவளுடைய அப்பா சைலாவ் அந்த வருடம்தான் நெடுஞ்சாலைத் தடுப்புக் கம்பத்துக்குக் காவலாகச் சேர்ந்திருந்தார். தலைநகர் அஸ்தானாவிலிருந்து கிழக்கே, நிலக்கரிச் சுரங்க ஊரான ஏகிபாஸ்துஸ் போகும் சாலையில், கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மரம்கூட இல்லாத புல்வெளியின் நடுவில், சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட நீளக் கம்பம். பனிப்புயல் கிளம்பினால் மாவட்டத்திலிருந்து போன் வரும். கம்பத்தை இறக்க வேண்டும். ஓய்ந்தால் மறுபடி போன் வரும். தூக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"நிக்காது கண்ணு. வண்டிங்கதான் நிக்கும்."

"அப்போ பனிக்கு உன்மேல பயமில்லையா?"

"யாருக்குமே இல்லடா" என்றார் சைலாவ்.

இருபத்திரண்டு வருடம் கழித்தும் நிலவரம் மாறவில்லை. சும்மா இருக்கிற மனிதனுக்கு முன்னால் ஒரு கம்பத்தை இறக்கிப் பாருங்கள், அந்த நிமிடமே அவனுக்கு அந்தப் பக்கம் ஏதாவது அவசரம் வந்துவிடும். ஒரே பிப்ரவரியில் நாற்பத்தொரு பேர் "அம்மா சாகக் கிடக்கிறாள்" என்று சைலாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அத்தனை அம்மாக்களும் போயிருந்தால் ஏகிபாஸ்துஸ் இந்நேரம் அநாதை ஊராகியிருக்கும். ஒருவன் சாவுக்குப் போகிறேன் என்றான். செத்தது யார் என்று கேட்டதற்குத் திணறிப்போய்ப் பக்கத்து இருக்கையில் இருந்தவனைக் காட்டினான். அவனும் ஆமாம் என்று தலையாட்டினான்.

சைலாவ் யாரிடமும் கோபப்பட மாட்டார். புயலில் வழி மறிக்கப்பட்டு வருகிறவன் கடவுள் அனுப்பிய விருந்தாளி என்பது அவர் நம்பிக்கை. கடவுள் ஏன் எப்போதும் இந்த மாதிரி ஆட்களையே பொறுக்கி அனுப்புகிறார் என்பது மட்டும்தான் அவருக்குப் புரியாத விஷயம். எல்லாரையும் கம்பத்தை ஒட்டி இருந்த அண்ணியின் கடைக்கு அனுப்பிவைப்பார். அண்ணி ஜெய்னெகுல், செத்துப்போன அண்ணனின் மனைவி, சூப்பும் தேநீரும் ஊற்றி, அவர்களுடைய பொய்களையும் கேட்டு, பாயில் படுக்க இடம் கொடுப்பாள்.

ஆனால் அந்த ஜனவரி மாதம், காலை பதினொரு மணிக்கு, பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்து நான்கு டிகிரி உறைகுளிரில், இறக்கி வைத்த கம்பத்தின் முன்னால் வந்து நின்ற வெள்ளை ஜீப்பை மட்டும் அப்படிச் சுலபமாக அனுப்பிவைக்க முடியாது. வந்தவர் முகாஷ். ரவ்ஷானின் மாமனார்.

எங்கள் பக்கத்தில் சொந்த அண்ணன் தம்பியிடம்கூடச் சண்டை போடலாம், சம்பந்தியிடம் போட முடியாது. சம்பந்தி கேட்டால் குதிரையை அவிழ்த்துக் கொடுக்க வேண்டும். முகாஷ் குதிரை கேட்கவில்லை. அவரிடமே ஒரு குதிரை இருந்தது, வெட்டிய நிலையில், ஜீப்பின் பின்பக்கம். மறுநாள் மத்தியானம் ஏகிபாஸ்துஸில் பேரனுக்குத் தொட்டில் விழா. இருநூறு விருந்தாளிகள். கறி முகாஷிடம்.

கண்ணாடி இரண்டு விரல் அளவு இறங்கியது. "சம்பந்தி! கம்பைத் தூக்குங்க."

"அஸ்ஸலாமு அலைக்கும், சம்பந்தி. சௌக்கியமா? ஆடு மாடெல்லாம் நல்லாருக்கா?"

"எல்லாம் நல்லாருக்கு. கம்பைத் தூக்குங்க."

"சம்பந்தியம்மா முட்டி வலி தேவலையா?"

"சம்பந்தி, என் மூக்கு உறையுது."

"அதான் சொல்ல வந்தேன். முன்னாடி பத்தடி தெரியல. நேத்து ராத்திரி போன ரெண்டு லாரியே இன்னும் எங்க நிக்குதுன்னு தெரியல. உள்ள வாங்க, ஒரு வாய் தேநீர்."

முகாஷ் கண்ணாடியை முழுதாக இறக்கினார். பெரிய முகம், அதைவிடப் பெரிய ஓநாய்த்தோல் தொப்பி. "நான் முப்பது வருஷமா இந்த ரோட்டுல ஓட்டுறேன். இது ஜப்பான்காரன் வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும். ஒரு குச்சியைக் காட்டி என்னை நிறுத்தறீங்களா?"

"ஜப்பான்காரன் நம்ம காத்தைப் பாத்ததில்லையே சம்பந்தி."

அப்போது சைலாவின் சட்டைப்பையில் போன் அடித்தது. ரவ்ஷான்.

"அப்பா, மாமா அங்க வந்துட்டாரா?"

"எதுத்தாப்லதான் இருக்காரு."

மகள் குரலைத் தாழ்த்தினாள். பின்னணியில் யாரோ பாத்திரத்தை உருட்டிக்கொண்டே, "உங்கப்பன்கிட்ட சொல்லு, தூக்கச் சொல்லு!" என்று கத்துவது கேட்டது. "நல்லாக் கேட்டுக்கோப்பா. அவரை நீ விட்டா நான் ஆயுசுக்கும் உன்கூடப் பேச மாட்டேன். விடலேன்னா என் மாமியார் ஆயுசுக்கும் என்கூடப் பேச மாட்டாங்க. பாத்துச் செய்."

போன் அறுந்துவிட்டது. சைலாவ் காற்றைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார். இந்த ஆள் அந்தப் பக்கம் போனால் பிணம். போகவிடாவிட்டால் மகளின் வீட்டில் வருடக்கணக்கில் குளிர்காலம். பிறகு அவர் வாயில் தானாகவே அந்த வார்த்தை வந்தது.

"சரி சம்பந்தி. ஆனா வாசல் வரைக்கும் வந்துட்டு ரொட்டியைத் தொடாமப் போனா அண்ணி என்னை உயிரோட விடமாட்டா."

ரொட்டி என்றால் முகாஷால் மறுக்க முடியாது. ஒரு துண்டாவது வாயில் போடாமல் வாசலைத் தாண்டுவது பெரிய பாவம். அதைச் செய்கிறவன் வீட்டுப் பசு கன்று போடாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட தலைமுறை அவர். வண்டியை நிறுத்திவிட்டு, "கோட்டைக் கழட்ட மாட்டேன். ஒரே துண்டு" என்றார்.

கடைக்குள் எட்டு லாரிக்காரர்கள் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். மூலையில் பனியள்ளும் டிராக்டர் ஓட்டுகிற வில்லி தூங்கிக்கொண்டிருந்தான். ஜெர்மானிய வம்சம், ஆனால் எங்களைவிட நன்றாக எங்கள் மொழியில் திட்டுவான். ஜெய்னெகுல் சம்பந்தியை உயர்ந்த மேடையில், கனமான பஞ்சு விரிப்பின்மேல் உட்காரவைத்தாள். சைலாவ் அடுப்படிக்குள் போய் அண்ணியின் காதில் சொன்னார்.

"அண்ணி, இவரு போகக்கூடாது. நான் தடுக்கவும் கூடாது."

ஜெய்னெகுல் ஐம்பத்தெட்டு வயதிலும் குறும்பு போகாதவள். மாவுப்பையிலிருந்து கோணி ஊசியை உருவினாள். "கொழுந்தனாரே, நீங்க போயி அவரைப் பேச வைங்க. சம்பந்தி வந்தா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியாதா?"

நீங்கள் இந்தப் பக்கத்தில் சம்பந்தம் செய்திருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கும். பெண்வீட்டுப் பெண்கள் சம்பந்தியை என்ன வேண்டுமானாலும் கேலி செய்யலாம். முகத்தில் மாவு பூசலாம், தண்ணீரில் தள்ளலாம். எல்லாவற்றிலும் உயர்ந்த மரியாதை, அவர் பேச்சில் மயங்கியிருக்கும்போது கோட்டு ஓரத்தை விரிப்போடு சேர்த்துத் தைத்துவிடுவது. எழ முயன்று மாட்டிக்கொண்டால் சம்பந்தி கோபப்படக்கூடாது. பாட்டுப் பாடித்தான் மீள வேண்டும்.

சைலாவ் குதிரை விலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். முகாஷ் கால் மணி நேரம் பதில் சொன்னார். ஜெய்னெகுல் பின்னால் தலையணை சரிசெய்கிற சாக்கில் பதினாறு தையல் போட்டாள், மாட்டுத் தோலுக்குப் போடுகிற மாதிரி.

"நல்லது, உத்தரவு வாங்கிக்கறேன்" என்று முகாஷ் எழுந்தார். விரிப்பும் கூடவே எழுந்தது. மேஜை ஆடியது. எட்டு லாரிக்காரர்களும் சீட்டைப் போட்டுவிட்டுக் கைதட்டினார்கள்.

"சம்பந்தி எங்க கடை விரிப்பைத் தூக்கிட்டுப் போறாரே, யாரும் கேக்க மாட்டீங்களா!" என்று ஜெய்னெகுல் கூவினாள்.

முகாஷின் முகம் முதலில் சிவந்தது, பிறகு வேறு வழியில்லாமல் விரிந்தது. "அடிப்பாவி சம்பந்தியம்மா! எப்போ தச்சே?"

"பாட்டு! ஏழு அடிக்குக் குறைஞ்சா கத்தரிக்கோல் கிடையாது."

முகாஷ் பாடினார். குரல் மோசமில்லை, ராகம்தான் எங்கே போகிறது என்று அவருக்கே தெரியவில்லை. மூன்றாம் அடியில் மறந்துபோய் முதலிலிருந்து ஆரம்பித்து, ஐந்தாம் அடியில் மாட்டிக்கொண்டார். வில்லி கண்விழித்து, "யாரை அறுக்கறீங்க?" என்று கேட்டான். சிரிப்பு அடங்கக் கால் மணி ஆயிற்று. வெளியே காற்று சுவரை இடித்துக்கொண்டிருந்தது. சைலாவ் மனதுக்குள் கடவுளுக்கு நன்றி சொன்னார். இப்படியே இரவு வரை பாடவைத்துவிடலாம்.

அவசரப்பட்டுச் சொன்ன நன்றி. புதிய சூப்புப் பாத்திரம் வந்து எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், முகாஷ் கோட்டின் கைகளிலிருந்து மெதுவாகத் தன் கைகளை உருவிக்கொண்டார். பின்கதவு பக்கம் போனார். கழிப்பிடம் அந்தப் பக்கம்தான், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பிறகு ஜீப் உறுமிய சத்தம் கேட்டது.

சைலாவ் ஓடிப்போய்க் கதவைத் திறந்தபோது வெள்ளை ஜீப், கம்பத்தைச் சுற்றிக்கொண்டு, புல்வெளியில் இறங்கி, வெள்ளைக்குள் வெள்ளையாகிவிட்டது.

மேடையில் கோட்டு மட்டும் உட்கார்ந்திருந்தது. விரிப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, தலையில்லாத விருந்தாளி மாதிரி.

யாரும் சிரிக்கவில்லை. ஜெய்னெகுல் ஊசியைப் பார்த்தாள். "நான் தைக்காம இருந்திருந்தா கோட்டோடயாவது போயிருப்பாரு."

"நான்தான் அண்ணி சொன்னேன்" என்றார் சைலாவ்.

வில்லி டிராக்டரைக் கிளப்பப் பார்த்தான். டீசல் கஞ்சியாக உறைந்திருந்தது. நெருப்பு காட்டி இளக்க ஒரு மணி நேரம் ஆகும். சைலாவ் லாரிக்காரர்களிடம் இருந்த இழுவைக் கயிறுகளை வாங்கி ஒன்றோடொன்று முடிந்தார். ஒரு நுனியைக் கம்பத்தின் இரும்புக் காலில் கட்டினார். மறுநுனியை இடுப்பில் கட்டிக்கொண்டார். கோட்டை எடுத்தார். விரிப்பை அறுக்க நேரமில்லை, அதையும் சேர்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். ஒரு மண்வெட்டி. நடுவில் கயிறு சிக்காமல் பார்த்துக்கொள்ள வில்லி கூட வந்தான்.

"சைலாவ், இந்த ஆளு பொழைச்சா நானே கொன்னுடுவேன்" என்று காற்றுக்கு மேல் கத்தினான் வில்லி.

"வரிசையில நில்லு."

புயலில் வழி தெரியாமல் ஓட்டுகிறவன் நேராகப் போவதாகத்தான் நினைப்பான். ஆனால் காற்று ஒரு பக்கமாகவே தள்ளும். அவன் காற்றுக்குப் பயந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகி விலகி வட்டம் போடுவான். சைலாவுக்கு இது தெரியும். இருபத்திரண்டு வசந்தங்களில், பனி உருகியபின், அந்த வட்டங்களின் முடிவில் நின்ற வண்டிகளை அவர் பார்த்திருக்கிறார். அதனால் தூரமாகப் போய்த் தேடவில்லை. காற்று தள்ளுகிற பக்கமாக, கடைக்குப் பின்புறமாகவே நடந்தார். பத்தடிக்கு ஒருமுறை நின்று காது கொடுத்தார்.

கயிறு தீர்ந்தது. இடுப்பை இழுத்து நிறுத்தியது. அதே நேரம் எங்கேயோ முன்னால் ஒரு ஹாரன், தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல. ஒரே தடவை. அப்புறம் இல்லை.

சைலாவ் வில்லி வந்து சேரும்வரை காத்திருந்து, கயிற்றை அவிழ்த்து அவன் கையில் கொடுத்தார். "நீ இங்கயே நில்லு. நகராதே."

"பைத்தியமா உனக்கு? கயித்தை விட்டவன் எவன் திரும்பி வந்தான்?"

"கத்திக்கிட்டே இரு. உன் வாய் சத்தம் போதும்."

நடந்தார். நாற்பது தப்படி எண்ணினார், பிறகு எண்ணிக்கை விட்டுப்போயிற்று. 'அல்லாவே' என்று ஆரம்பித்தார், 'இந்த ஆளை உனக்கு வேணும்னா வசந்தத்துல எடுத்துக்கோ. இப்போ எடுத்தா என்னால விளக்கம் சொல்ல முடியாது. நீ வந்து என் மகளோட மாமியார்கிட்ட பேசுவியா?' அப்போது முழங்கால் எதிலோ இடித்தது. ஜீப்பின் பின்பக்கம். பாதி பனிக்குள். புகைக்குழாய் இருந்த இடமே தெரியவில்லை. எஞ்சின் மட்டும் உள்ளே முனகிக்கொண்டிருந்தது. புகை முழுதும் வண்டிக்குள்தான் போய்க்கொண்டிருக்கிறது.

மண்வெட்டியால் கதவை நெம்பித் திறந்தார். முகாஷ் ஸ்டியரிங் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, வெகு நிம்மதியாகப் பாடிக்கொண்டிருந்தார். ஐந்தாம் அடி.

சைலாவ் எஞ்சினை அணைத்துவிட்டுக் கன்னத்தில் நாலு அறை விட்டார். இருபத்திரண்டு வருட வேலையில் கிடைத்த ஒரே போனஸ் என்று பின்னால் நினைத்துக்கொண்டு, அதற்காக இறைவனிடம் மன்னிப்பும் கேட்டார்.

முகாஷ் கண் திறந்தார். "ஏகிபாஸ்துஸ் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு சம்பந்தி. இறங்குங்க."

கோட்டை மாட்டிவிட்டார். விரிப்பு பின்னால் தொங்கியது. அதை மடித்து இருவர் முதுகிலும் சேர்த்துப் போர்த்திக்கொண்டார். முகாஷ் வாந்தி எடுத்தார், பிறகு நடக்க ஆரம்பித்தார். ஆனால் எந்தப் பக்கம்? வந்த தடம் தூர்ந்துவிட்டது. வில்லியின் சத்தம் கேட்கவில்லை. மேலும் வெள்ளை, கீழும் வெள்ளை. சைலாவுக்கு முதல் முறையாகப் பயம் வந்தது. வண்டியிலேயே இருந்திருக்கலாமோ? குழாயைத் தோண்டிவிட்டு, கண்ணாடியை ஒரு விரல் இறக்கிவைத்துக்கொண்டு, காத்திருப்பதுதானே எல்லாருக்கும் அவர் சொல்லும் புத்தி? திரும்பிப் பார்த்தார். வண்டியும் இல்லை.

டங். டங். டங்.

இரும்பு மேல் இரும்பு. நின்றது. மறுபடி, டங், டங், டங். முகாஷும் தலையைத் தூக்கினார். இருவரும் அந்தப் பக்கம் திரும்பி, அது நின்றால் நின்று, கேட்டால் நடந்து, விழுந்து, எழுந்து போனார்கள். வழியில் வில்லியின் மேலேயே போய் முட்டினார்கள். அவன் தொண்டை கட்டிப்போய் ஊமை மாதிரி வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தான்.

கடை வாசலில் ஜெய்னெகுல் நின்றிருந்தாள். ஒரு கையில் பெரிய வார்ப்பிரும்புச் சட்டியின் மூடி, மறுகையில் இரும்பு அகப்பை. அவர்கள் போனது முதல் ஒரு மணி நேரமாக அடித்துக்கொண்டிருந்தாளாம், காற்று கொஞ்சம் அடங்கியபோதுதான் அது எட்டியிருக்கிறது. லாரிக்காரர்கள் கேட்டும் கொடுக்கவில்லை. ஜீப் கடையின் பின்சுவரிலிருந்து முந்நூறு தப்படிதான் தள்ளி நின்றிருந்தது என்பது மறுநாள்தான் தெரிந்தது.

"வாங்க சம்பந்தி" என்றாள். "பாட்டுல ரெண்டு அடி பாக்கி வெச்சுட்டு ஓடிட்டீங்களே."

அகப்பையை அவள் கீழே வைக்கவில்லை. வைக்க முடியவில்லை. கையுறையோடு பிடித்தால் வழுக்கியதால் வெறுங்கையால் பிடித்திருக்கிறாள். சைலாவ் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். இரண்டு விரல் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. அவள் சட்டென்று கையை ஏப்ரன் துணிக்குள் மறைத்துக்கொண்டு, சூப்பு ஆறுகிறது என்று எல்லாரையும் விரட்டினாள். முகாஷ் அந்தக் கையைப் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு யாரும் தைக்காமலே அதே இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் சைலாவின் பக்கத்தில் வந்து, "வீட்ல தெரிய வேணாம்" என்றார்.

"எது சம்பந்தி? வண்டியைப் பாக்கப் போனீங்க, வந்துட்டீங்க. இதுல என்ன இருக்கு?"

மறுநாள் மத்தியானம் சாலை திறந்தது. முகாஷ் வில்லியின் டிராக்டருக்குப் பின்னால், மணிக்கு முப்பது கிலோமீட்டரில், ஹாரன்கூட அடிக்காமல் போனார். விழா ஒரு நாள் தள்ளிப்போனது. இருநூறு விருந்தாளிகளும் ஆளுக்கொரு கம்பத்தின் முன்னால் நின்றிருந்ததால் அது யாருக்கும் உறைக்கவில்லை. ரவ்ஷான் போன் செய்தாள். "மாமா கோட்டு ஓரத்துல பஞ்சு தொங்குது. என்னன்னு கேட்டா மழுப்புறாரு. அப்பா, நீ என்ன பண்ணினே?"

"ரொட்டி கொடுத்தேன்" என்றார் சைலாவ்.

ஜெய்னெகுலின் விரல்கள் பிழைத்தன, ஆனால் மருத்துவத் தாதி ஒரு மாதத்துக்குக் கட்டுப்போட்டு விட்டாள். ஒற்றைக் கையால் கடை அடுப்புக்கு நிலக்கரி அள்ளுவது பெரும்பாடு. கட்டிகள் பெரிதாக இருக்கும், உடைக்க இரண்டு கை வேண்டும். வில்லி உதவிக்கு வந்தான். "நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று அகப்பையைத் தூக்கினாள். சைலாவ் கேட்டுப் பார்க்கவே இல்லை. அவளுக்குத் தெரியாமல் விடியலுக்கு முன்னால் போய் உடைத்து வைத்துவிட வேண்டும் என்று தீர்மானித்தார்.

அன்று ராத்திரி மேற்கே அஸ்தானா போகும் பக்கம் மட்டும் அடைத்திருந்தது. நள்ளிரவுவரை கம்பத்தடியில் நின்றுவிட்டு அயர்ந்து தூங்கிய சைலாவ், வானம் சாம்பல் நிறமாகும்போது சுத்தியலோடு கடையின் கரிக்கொட்டகைக்குப் போனார். கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

கொட்டகை கூரைவரை நிறைந்திருந்தது. நல்ல பளபளப்பான ஏகிபாஸ்துஸ் கரி. எல்லாம் ஒரு கையில் அடங்குகிற அளவுக்கு, ஆப்பிள் அளவுக்கு, பொறுமையாக உடைக்கப்பட்டிருந்தது. அடுப்பு பற்றவைக்கக் கட்டையும் சீவிப் பக்கத்தில் அடுக்கியிருந்தது. ஒரு சீட்டு இல்லை, ஒரு வார்த்தை இல்லை.

வெளியே வந்து பார்த்தார். பனியில் பெரிய காலணித் தடங்கள், கொட்டகையிலிருந்து கம்பத்துக்கு, கம்பத்திலிருந்து கொட்டகைக்கு. இருபது நடையாவது இருக்கும். கம்பம் இறங்கியபடியே இருந்தது. அதற்குக் கிழக்கே அகலமான டயர் தடம் வந்து நின்று, திரும்பிப் போயிருந்தது. கம்பத்தைச் சுற்றி ஒரு தடமும் இல்லை. ஆள் மட்டும் மூட்டையோடு அதற்கு அடியில் குனிந்து குனிந்து போய்வந்திருக்கிறார். வண்டி நின்ற இடத்தில், புகைக்குழாய் இருந்திருக்கும் இடத்தைச் சுற்றி, பனி மண்வெட்டியால் சுத்தமாக அள்ளப்பட்டிருந்தது.

கடையின் அடுப்படி ஜன்னல் இன்னும் இருட்டாக இருந்தது, அண்ணி எழுந்திருக்கவில்லை. சைலாவ் தன் அறைக்குப் போய் நீளத் துடைப்பத்தை எடுத்துவந்தார். கொட்டகை வாசலிலிருந்து தொடங்கி, கம்பம்வரை, பிறகு கம்பத்துக்கு அந்தப் பக்கமும், ஒரு தடம் விடாமல் பெருக்கி முடித்தார்.